ரயில் ஓடாத வருஷத்து ரயில்

ரயிலே ஓடாத வருஷத்தில் ரயில் மறித்துவிட்டது என்று சொன்ன ஆள். வல்லத்திராக்கோட்டை ஆண்டிச்சாமிக்குச் சொந்தபந்தத்தில் இருந்த பேர் இதுதான்.

தங்கச்சி மணிமேகலையின் மகள் கார்த்திகாவுக்கு நார்த்தாமலைப் பக்கத்துக் குலதெய்வக் கோயிலில் காதுகுத்து. எல்லாரும் முதல் நாளே போய்விட்டார்கள். சீர் சாமான்களை வேனில் ஏற்றிக்கொண்டு விடியக் கிளம்பிய ஆண்டிச்சாமி, ஆளில்லாத ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டான். ரோட்டை அடைத்துக்கொண்டு நீளமாக ஒரு வண்டி நின்றது. “இந்தா எடுத்துருவோம், இந்தா எடுத்துருவோம்” என்று வேலையாட்கள் சொல்லச் சொல்ல நல்ல நேரம் கழிந்துபோனது. இறங்கி நடந்திருக்கலாம்தான். சீரை நடுரோட்டில் போட்டுவிட்டு எந்தத் தாய்மாமன் வெறுங்கையோடு போவான்? கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது பிள்ளை வேறு யார் மடியிலோ உட்கார்ந்து, குத்தின காதோடு வீறிட்டுக்கொண்டிருந்தது.

“ரயில் மறிச்சிருச்சு” என்றான். பந்தலே சிரித்தது. அகலப்பாதை போடுவதற்காக லைனை மூடி, எல்லாரும் பஸ்ஸில் இடிபட்டுக்கொண்டிருந்த வருஷம் அது. மணிமேகலையின் புருஷன் எழிலரசன், “அப்ப டிக்கெட் எடுத்து அதுலயே வந்திருக்கலாமே மச்சான்” என்றார். மணிமேகலை சிரிக்கவில்லை. “வர இஷ்டம் இல்லைன்னா சொல்லியிருக்கலாம்ண்ணே” என்றாள். அதோடு அண்ணன் தங்கச்சி பேச்சு அறுந்தது.

இப்போது அந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. பத்திரிகையில் தாய்மாமன் என்று யார் பேரைப் போடப்போகிறார்களோ என்று நினைத்தால் ஆண்டிச்சாமிக்குச் சோறு இறங்கவில்லை.

குட்டியானை வண்டி ஓட்டுகிறவன் அவன். புதுக்கோட்டையில் மரியசெல்வத்தின் பிளெக்ஸ் கடைக்கு வாடகைக்குப் போவான். மரியசெல்வம் அறுபதைத் தொடுகிற ஆள். பிளெக்ஸ் வருவதற்கு முன்னால் திருச்சியில் ஒரு கலர் லேபில் ஊர்ப்பட்ட கல்யாணங்களைக் கழுவிப் பிரிண்ட் போட்டவர். ரயில்வேயில் ஒரு நாள் வேலை பார்த்ததில்லை. ஆனால் பழைய படத்தில் ரயில் தெரிந்தால் மனுஷனுக்குப் பசி மறந்துபோகும். அதுவும் சாதாரண ரயில் என்றால் மதிக்க மாட்டார். கேட் வீடுகளுக்குக் குடிதண்ணி கொண்டுபோன டேங்கர், ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுக்க வந்த பெட்டி, கவிழ்ந்த பெட்டியைத் தூக்குகிற கிரேன், ஜல்லியைக் குத்தி இறுக்குகிற மெஷின், இப்படி நாம் ஏற முடியாத வண்டியாக இருக்க வேண்டும். எங்கெங்கேயோ இருந்து போனில் படம் அனுப்பி, இது என்ன வண்டி என்று கேட்பார்கள். பெருவிரலால் வண்டியை மறைத்துவிட்டு, முதலில் சுற்றி நிற்கிறவர்களைப் பார்ப்பார்.

“சனங்க ஒதுங்கி நின்னா அது ஓடுற வண்டி. கைல மம்பட்டியோட சாஞ்சு நின்னா அது வேலை வண்டி. பெட்டியை அப்பறம் பாத்துக்கலாம்.”

அவர் வீட்டுக்காரம்மா சொல்லும்: “என் மூஞ்சிய ஒரு நாள் இப்படி உத்துப் பாத்திருப்பாரா இந்த மனுஷன்? நான் கூட்ஸ் வண்டியாப் பொறந்திருக்கணும்.”

தப்பும் பண்ணுவார். ஒரு படத்தில் கேட்டைக் கடந்துகொண்டிருந்த, ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் லாரியை, ரயில்வே கிரேன் என்று அடித்துச் சொல்லி, எந்த ஊரில் செய்தது என்பது வரைக்கும் எழுதி அனுப்பிவிட்டார். லாரிக்காரரின் மகனே கடைக்கு வந்து, “அது எங்கப்பா வண்டிங்க” என்று சொல்லும்வரை விடவில்லை. அந்தக் கதை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்விட்டது.

ஒரு நாள் பிளெக்ஸ் சுருளை ஏற்ற வந்த ஆண்டிச்சாமி, கேட்கலாமா வேண்டாமா என்று நின்றுவிட்டுக் கேட்டான். “அண்ணே, லைனை மூடிப் போட்ட காலத்துல ரயில் ஓடுமா?”

“மூடினாத்தானேய்யா இந்த வண்டிகளுக்கு வேலையே? ஜல்லிய யாரு தலைல வச்சுக் கொண்டுவந்து கொட்டுறது?”

ஆண்டிச்சாமி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். முழுக்கதையையும் கேட்டுவிட்டு மரியசெல்வம், “அன்னிக்குப் படம் எடுத்தது யாரு?” என்றார்.

“கீரனூர்க்காரரு ஒருத்தரு. செத்துப்போயிட்டாரு.”

“நெகட்டிவ்?”

“ஆல்பத்தோட தங்கச்சிகிட்டக் கிடக்கும். யாரு போய்க் கேக்குறது?”

யாரும் போகவில்லை. அதுவாகவே வந்தது. கல்யாண பிளெக்ஸில் பொண்ணோட குழந்தைப் படமும் போடுவது இப்போது வழக்கம். மணிமேகலையும் கார்த்திகாவும் அந்தக் காதுகுத்து ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு இதே கடைக்கு வந்துவிட்டார்கள். பின்கட்டில் சுருள் கட்டிக்கொண்டிருந்த ஆண்டிச்சாமி, குரலைக் கேட்டதும் மூச்சை அடக்கிக்கொண்டு அங்கேயே நின்றான்.

மரியசெல்வம் ஆல்பத்தைத் திறக்கவேயில்லை. பின்னட்டைப் பையில் இருந்த நெகட்டிவ்வை உருவி டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தார். லேப்காரர் கை அப்படித்தான் போகும். முதல் துண்டிலேயே கை நின்றுவிட்டது.

“அம்மா, இதுல ஒரு ரயில் நிக்கிது.”

“எங்க காதுகுத்துல ஏதுங்க ரயிலு?” மணிமேகலையின் குரல் ஏறியது. “போர் லாரியை ரயிலுன்னு சொன்னது நீங்கதானே?”

“நானேதான். அதனால என்னை நம்ப வேணாம், நீங்களே பாருங்க. கேமராவுல ரோல் மாட்டுனா மொதப் படம் வெளிச்சத்துல வெந்துரும். எதையாச்சும் பாத்துச் சும்மா அமுக்கிவிடுவோம். அதுக்குப் பிரிண்டும் போட மாட்டோம். ஒங்க போட்டோகிராபர் கோயில் பக்கம் திரும்புற எடத்துல, கேட்டுகிட்ட நின்னு ரோல் மாட்டியிருக்காரு. அடுத்த படம் ஒங்க மக மொட்டைத்தலை. ரெண்டுக்கும் நடுவுல வெட்டே இல்ல பாருங்க, ஒரே பிலிம்.”

தன் போன் திரையை வெள்ளையாக்கி அதன் மேல் பிலிமை வைத்தார். கார்த்திகா அதை அவள் போனில் படம் பிடித்து, நிறத்தைத் திருப்பிப் போட்டுப் பார்த்தாள். பாதிப் படம் வெந்துபோயிருந்தது. மீதியில், ரோட்டுக்குக் குறுக்கே உயரமான இரும்புப் பெட்டிகள்.

“ஜல்லி வண்டி. அடியில வாய் தொறந்து கொட்டும்” என்றார் மரியசெல்வம். “இந்தா பாருங்க, மம்பட்டிக்காரங்க சாஞ்சு நிக்கிறாங்க.”

அவர் பெட்டியைச் சொல்லிக்கொண்டே போனார். மணிமேகலை பெட்டியைப் பார்க்கவில்லை.

“கொஞ்சம் பெருசாக்குடி. அந்தச் சந்துல.”

ரெண்டு பெட்டிக்கும் நடுவில், தண்டவாளத்துக்கு அங்கிட்டு ஒரு வேனின் மூக்கு தெரிந்தது. அதை ஒட்டி வெள்ளைவேட்டி ஆள் ஒருத்தர். முகம் தெரியவில்லை. ஒத்தக்காலில் நின்று, மறுகால் பாதத்தால் கெண்டைக்காலைத் தேய்த்துக்கொண்டு நின்றது உருவம்.

மணிமேகலை போனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள்.

“எங்கண்ணன்தான்” என்றாள். “கோவம் வந்தா இப்படித்தான் நிக்கும். எங்காத்தா இதுக்கே திட்டும், கொக்குன்னு.” போனை மகளிடம் நீட்டினாள். “சொன்னுச்சு. தலைப்பாடா அடிச்சுக்கிட்டுச் சொன்னுச்சு. நாங்கதான் கேக்கல.”

மூக்கைச் சிந்தினாள். “சரிங்க, பின்னாடி நிக்கிற ஆளை வரச் சொல்லுங்க. வாசல்ல வண்டியப் பாத்துட்டுத்தான் உள்ள வந்தேன்.”

ஆண்டிச்சாமி கையில் பிளெக்ஸ் துணுக்கோடு வந்து நின்றான். இத்தனை வருஷமாக நெஞ்சில் கல் மாதிரி உட்கார்ந்திருந்தது கரைந்து இறங்கியது அவனுக்கே தெரிந்தது.

“நல்லா இருக்கியா” என்றான்.

“இருக்கேன். எளச்சுப் போயிட்டியேண்ணே.”

“மாமா,” என்றாள் கார்த்திகா, “மாலைய என்ன கலர்ல எடுக்கப் போறீங்க?”

பத்திரிகையில் அவன் பேர் வந்தது. எழிலரசன் வீட்டுக்கே வந்து தாம்பூலம் வைத்தார். படத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை; ரெண்டு தரம் காப்பி கேட்டு வாங்கிக் குடித்தார், அவ்வளவுதான்.

ஆண்டிச்சாமிக்கு அது போதவில்லை. அந்தப் படத்தைப் பத்தடிக்குப் பெருசாக்கி, ‘ரயில் வந்துச்சா இல்லையா?’ என்று கீழே எழுதி, மண்டப வாசலில் கட்டியே தீருவேன் என்று நின்றான். மரியசெல்வம் எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டு, கடைசியில் அடித்துக் கொடுத்தார். கல்யாணத்தன்று காலையில் அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு, கயிறு தேடி வாசலில் அலைந்துகொண்டிருந்தான். உள்ளே மேளம் தொடங்கிவிட்டது. தாய்மாமனைக் கூப்பிடச் சொல்லி மணிமேகலை ரெண்டு தரம் ஆள் அனுப்பிவிட்டாள்.

இஸ்திரி போட்ட சட்டையோடு வந்த மரியசெல்வம் அவன் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“தம்பி, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். இதச் சுருட்டி எங்கிட்டக் குடுத்துட்டு உள்ள போங்க. கடையில மேக்கால வெயில் அடிக்குது, மறைப்புக்கு நான் கட்டிக்கிறேன்.”