வயலில் கிடைத்த துவக்கு

எனக்குத் துவக்குகளுக்கு விலை சொல்லத் தெரியும் என்பதை அண்ணன் ஊரில் பரப்பியிருக்கக் கூடாது. பேசாலையில் அவனுடைய வீட்டுக்கு விடுமுறையில் வந்து நான்கு நாள்கூட ஆகவில்லை. பயணக் களைப்பே இன்னும் தீரவில்லை.

இங்கிலாந்தில் ஒரு சிறு நகரத்து ஏலக்கூடத்தில் எனக்கு வேலை. தரை துடைக்கத்தான் சேர்த்தார்கள். பழைய இராணுவத் துப்பாக்கிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்குக் கண் மங்கத் தொடங்கியபோது, இரும்பில் குத்தியிருக்கும் சின்ன எழுத்துகளையும் எண்களையும் வாசித்துச் சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். அவர் ஓய்வு பெற்றதும் அந்த மேசை எனக்கு வந்தது. துவக்கின் உடலில் உள்ள எண்ணும் தோட்டாவைத் தள்ளும் போல்ட்டில் உள்ள எண்ணும் ஒன்றுதானா, மரம் பழைய மரமா, பிறகு மாற்றியதா, குழலுக்குள் வரிகள் தேய்ந்துவிட்டனவா என்று பார்த்து எழுத வேண்டும். எந்தச் சிப்பாய் வைத்திருந்தான் என்பதற்கு ஒரு கடிதமோ படமோ இருந்தால் விலை ஏறும். ஏலத்துக்கு வருகிறவர்கள் அந்தக் கதைக்குத்தான் கை தூக்குவார்கள்.

துவக்குக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடிப்போனவள் அதை எப்படிக் கையில் எடுக்கிறாய் என்று சொந்தக்காரர் எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். முதல் வருடம் கையுறை போட்டுத்தான் எடுத்தேன். பிறகு வெறுங்கையால் எடுக்கப் பழகிவிட்டேன்.

ஐந்தாம் நாள் கட்டுக்கரைக் குளத்துப் பக்கமிருந்து ஒருவர் பஸ் பிடித்து வந்தார். அண்ணனிடம் கருவாடு வாங்கும் கமக்காரர், நெல் விதைக்கிறவர். அறுபது வயது இருக்கும். தமிழ்நாட்டு அகதி முகாமில் பாதி வாழ்க்கையைக் கழித்துவிட்டுத் தன் காணிக்குத் திரும்பியவர். தேத்தண்ணீர் குடித்து முடியும் வரை மழையைப் பற்றித்தான் பேசினார். பிறகு கைத்தொலைபேசியை என் பக்கம் திருப்பினார். கிழிந்த பொலித்தீனுக்குள், சேற்றோடு ஒரு நீளத் துவக்கு.

"வரம்பு திருத்தேக்க மண்வெட்டியில தட்டுப்பட்டது, தங்கச்சி. வெள்ளைக்காரன்ர காலத்துச் சாமான் எண்டு உங்கட அண்ணை சொன்னவர். உங்கட இடத்தில இதுக்கு என்ன விலை போகும்?"

"படத்தில சொல்லேலாது," என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "வந்து பாக்கிறன்," என்றும் சொல்லிவிட்டேன்.

அடுத்த நாள் அண்ணனோடு ஓட்டோவில் போனேன். காணி உழுது தயாராகக் கிடந்தது. துவக்கு, எடுத்த இடத்திலேயே வைக்கோலால் மூடியபடி இருந்தது. எங்கள் வேலையில் முதல் விதி, போல்ட்டைத் திறந்து உள்ளே தோட்டா இல்லை என்று உறுதிப்படுத்துவது. இழுத்துப் பார்த்தேன். துருவில் இறுகிப்போயிருந்தது. குழல்வாயை வெறும் வெளிப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, மற்றவர்களைத் தள்ளி நிற்கச் சொன்னேன்.

துணியால் சேற்றைத் துடைத்தபோது கிரீடக் குறி தெரிந்தது. முதலாம் உலகப் போர்க் காலத்து ஆங்கிலேயத் துவக்கு. உடலிலும் போல்ட்டிலும் ஒரே எண். எனக்கு ஒரு கணம் சந்தோஷமாக இருந்தது. அப்படிச் சேர்ந்து வருவது அபூர்வம். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

மரப்பிடியைத் துடைத்தேன். கத்தி முனையால் 'ம' என்று யாரோ வெட்டியிருந்தார்கள். எழுத்துப் பழகுகிற பிள்ளையினுடையது போலச் சுழி பெரிதாக இருந்தது. வெள்ளைக்காரன் காலத்துக்குப் பிறகு, எங்கள் போரில், அது யார் யார் கைக்குப் போயிருக்கும் என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

கமக்காரரின் மனைவி தூர நின்று கேட்டார். "ஆரின்ர துவக்கு எண்டு ஏதும் தெரியுதோ?"

"இல்லை அக்கா," என்று சொல்லிக்கொண்டே பெருவிரலால் அந்த எழுத்தின்மேல் சேற்றைத் திரும்ப அப்பினேன். எந்த வீட்டுப் பிள்ளை என்று அவரைத் தேட வைக்க எனக்கு மனம் வரவில்லை. கழுவினால் தெரியும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

கமக்காரரிடம் சொன்னேன். "அண்ணை, இங்க இதுக்கு விலை இல்லை. வைச்சிருந்தா பிடிச்சு மறியல்ல அடைப்பாங்கள். விதானையாரிட்டச் சொல்லிப் பொலிசில குடுங்கோ."

"குடுத்தா ஆயிரம் கேள்வி வரும். திரும்ப மூடிவிட்டா என்ன?"

"உள்ளுக்குத் தோட்டா இருக்கோ எண்டு எனக்கே தெரியேல்லை. இன்னொரு முறை உழேக்கக் கலப்பையில பட்டா?"

அவர் காணியைப் பார்த்துக்கொண்டே நின்றார். "முகாமில இருந்து வந்தாப்பிறகு இந்த முறைதான் முழுக்க விதைக்கிறம்," என்றார். நான் துவக்கை வைக்கோலால் திரும்ப மூடினேன்.

கடைசியில் அவரே போய்ச் சொல்ல, கிராம அலுவலரான விதானையார் அறிவித்து, பொலிஸ் வந்து எடுத்துப்போனது. மறுநாள் கமக்காரரும் நானும் பொலிஸ் நிலையத்து மர வாங்கில் காலையிலிருந்து மாலை வரை உட்கார்ந்திருந்தோம். வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதினார்கள். தமிழில் வாசித்துக் காட்டச் சொன்னேன். ஒரு தமிழ்க் கான்ஸ்டபிள் வந்து ஒவ்வொரு வரியாக வாசித்தார். கமக்காரர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். நான் இந்தத் துறையில் இருப்பது தெரிந்து, எழுதிய சிங்கள அதிகாரி மெல்ல, மரியாதையாக விசாரித்தார். "நோனா, இது நல்ல விலையா?"

"துருப்பிடிச்ச இரும்பு," என்றேன். அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

இன்னும் ஏதாவது புதைந்திருக்கலாம் என்று காணியைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டினார்கள். இரண்டு நாள் என்றார்கள். மூன்று கிழமை போனது. ஆமிக்காரர் கருவியோடு அடி அடியாக நடந்தார்கள். மீன் அடைத்து வந்த இரண்டு தகர ரின்களும் ஒரு மண்வெட்டித் தகடும் கிடைத்தன. இதற்கிடையில் மழை தொடங்கி, பக்கத்துக் காணிக்காரர் எல்லாம் விதைத்துவிட்டார்கள். நான் புறப்படுவதற்கு முதல் நாள் போய்ப் பார்த்தேன். நாடா அப்படியே இருந்தது. அவருடைய காணியில் தண்ணீர் நின்றது. அவர் மனைவி கதிரை போட்டு என்னை இருத்தினார். தேத்தண்ணீர் தந்தார். பிறகு உள்ளே போய்விட்டார்.

நெல் வெட்டும் காலம் முடிந்ததும் ஒரு மத்தியானம் ஏலக்கூடத்துப் பின்படிக்கட்டில் இருந்து கமக்காரருக்கு அழைத்தேன்.

"அரைவாசிதான் விதைச்சனாங்கள். அதுவும் பிந்தி. வீட்டுச் சாப்பாட்டுக்குக் காணும், விக்க ஏதும் மிஞ்சாது," என்றார்.

"நான் சொல்லித்தானே அண்ணை இப்பிடி ஆனது."

"நீங்கள் சொன்னது சரி, தங்கச்சி. அதில பிழை இல்லை." தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றுகிற சத்தம் கேட்டது. "ஆனா இனி ஏதும் தட்டுப்பட்டா உங்களிட்டக் கேக்கமாட்டன்."

குரலில் கோபம் இல்லை. என்னைப் போலவே அவரும் களைத்திருந்தார்.

"ஓம் அண்ணை," என்றேன்.