இரண்டு பதிவுகளும் ஒரு அகப்பையும்

வெளிநாடு வந்து குடியேறின ஸ்பிரிங்வேலில், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக் குசினியும் சமையலும் என் கையில்தான் இருந்தது. இரண்டாயிரத்துப் பதினோராம் ஆண்டு என்று நினைக்கிறேன், பிள்ளைகளோடு நிற்கிற எல்லாரும் அரசாங்க அட்டை எடுக்க வேண்டும் என்று சொல்லிப் படிவம் தந்தார்கள். மகள் நிரப்பித் தாறன் என்றாள். எனக்கென்ன, கை இல்லையா? எழுத்துக் கூட்டி நானே நிரப்பினேன்.

ஒரு கேள்வியில் 'பொலிஸ்', 'ரெஜிஸ்டர்' என்ற இரண்டு சொல்தான் பிடிபட்டது. பொலிஸில் பதிந்திருக்கிறாயா என்று கேட்கிறான். பதியாமல்? கொழும்பில் வாடகைக்கு இருந்த காலத்தில் தமிழர் எல்லாரும் பொலிஸில் பேர் பதிய வேண்டும். பதியாதவருக்குத்தான் வில்லங்கம். 'யேஸ்' பெட்டியில் வடிவாகச் சரி போட்டேன். சீல் குத்தின கொழும்புப் பொலிஸ் பதிவுத் துண்டிலும் ஒரு கொப்பி எடுத்துப் படிவத்தோடு வைத்தேன்.

பதில் கடிதத்தை வாசித்த மகள் கதிரையில் இருந்துவிட்டாள்.

"அம்மா, என்ன செய்து வைச்சிருக்கிறியள்? சின்னப் பிள்ளையளோடை கேவலமா நடந்தவையின்ரை லிஸ்ட் அது!"

அட்டை இல்லையாம். குசினிப் பக்கமும் போகக்கூடாதாம். என் அகப்பையை மல்கிரேவில் இருந்து வருகிற ஒருத்தி எடுத்துக்கொண்டாள். அவளின் சாம்பாரில் முகம் பார்க்கலாம்.

இலவசமாகச் சட்டம் சொல்லும் இடத்துக்குப் போனோம். லோயர் ஒரு தமிழ்ப் பிள்ளை.

"அன்ரி, உண்மையா அந்த லிஸ்டிலை இருந்தா வெளியிலை வாறது லேசில்லை. சிலருக்குச் சாகும்வரை. அவை பதினைஞ்சு வருஷம் ஒழுங்கா இருந்து போட்டுத்தான் பெரிய கோர்ட்டிலை கேக்கலாம்."

"அப்ப கொழும்பு லிஸ்டிலை இருந்து என்ரை பேரை எடுக்க எந்தக் கோர்ட்டுக்குப் போறது, பிள்ளை?"

அவள் விழாத பேனையை மேசைக்குக் கீழே குனிந்து தேடினாள். பிறகு கடிதம் எழுதினாள்: இவ பதிந்தது குற்றம் செய்ததுக்கு இல்லை, தமிழச்சியாக இருந்ததுக்கு. புதுப் படிவமும் தந்தாள்.

"இந்த முறை 'நோ' போடுங்கோ அன்ரி."

போட்டேன். மேலிருந்து கீழ்வரை எல்லாவற்றுக்கும். எழுதியதெல்லாம் உண்மையா என்று கேட்ட கடைசிப் பெட்டிக்கும்.

அதனால் படிவம் திரும்பி வந்து, மல்கிரேவ்காரிக்கு இன்னும் மூன்று சனிக்கிழமை கிடைத்தது. அட்டை வந்த கிழமை, அதைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு குசினிக்குள் போனேன். முதல் வேலையாக அவளின் சாம்பாரைத் தொட்டிக்குள் ஊற்றினேன்.