ஆடு இல்லாத வீட்டில் ஒரு மேய்ப்பு நாய்

எங்கள் லோத்குண்டா ஃபிளாட்டில் ஆடும் கிடையாது, மாடும் கிடையாது. ஆனால் மந்தை மேய்க்கவே பிறந்த ஜாதி நாய் ஒன்று இருந்தது. பார்டர் கோலி. மகள் அடம்பிடித்து வாங்கி வந்தது. மேய்க்க ஒன்றும் இல்லாததால் எங்களை மேய்த்தது. நான் ஹாலில், மனைவி சமையலறையில், மகள் தன் அறையில் என்று ஆளுக்கொரு பக்கம் கிடந்தால் அதற்குப் பொறுக்காது. முட்டித் தள்ளி, கணுக்காலை மெல்லக் கவ்வி, மூவரையும் ஓரிடத்தில் சேர்த்த பிறகுதான் சோற்றில் வாய் வைக்கும். சனியன், உட்கார விடுகிறதா என்று நான் திட்டுவேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை மகள் தன் கல்யாணத்தைப் பற்றிச் சொன்னாள். உடன் வேலை பார்க்கும் தெலுங்குப் பையன். அதில் எனக்கு ஒன்றுமில்லை. அம்மாவுக்குத் தெரிந்து, சித்திக்குத் தெரிந்து, ரிஜிஸ்டர் ஆபீஸில் தேதியும் வாங்கிய பிறகு கடைசி ஆளாக எனக்குச் சொன்னாளே, அதுதான் சுருக்கென்று தைத்தது. கோபம் வந்தால் எனக்கு வாய் நிற்காது.

"எல்லாம் முடிவு பண்ணியாச்சுல்ல? அப்புறம் இந்த வீட்ல உனக்கென்ன வேலை? கிளம்பு."

"உங்க வாய் இருக்கே," என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். மகள் உள்ளே போய்ப் பையில் துணியை அடைத்தாள். கீழே கேப் வந்து ஹாரன் அடித்தது. கூப்பிடு, கூப்பிடு என்று மனசு அடித்துக்கொண்டது. நாக்குதான் எழவில்லை.

அவள் வாசலுக்கு வந்தபோது நாய் குறுக்கே படுத்திருந்தது. குரைக்கவில்லை. தலையைத் தாழ்த்தி, இமைக்காமல் அவளையே பார்த்தது. அவள் இடப்பக்கம் நகர்ந்தால் அதுவும் நகர்ந்தது. வலப்பக்கம் போனால் அங்கேயும் வந்தது. தாண்டப் பார்த்தவளின் காலைக் கவ்வியது. இந்த முறை பல் பதிந்துவிட்டது.

"நக்கோ, வேணாம்டா, விடு," என்றாள். குனிந்து காலை விடுவிக்கப் பார்த்தாள். கீழிருந்து டிரைவர் அவள் ஃபோனுக்கு விடாமல் அடித்தான்.

"அப்பா, இவனைப் பிடிச்சுக்குங்க. நான் போகணும்."

கிளம்பு என்று சொன்னவன் நான்தானே. எழுந்து போய்க் கழுத்துப்பட்டையைப் பிடித்தேன். ஓர் இழுப்பு இழுத்தால் வழி விட்டுவிடும். இழுக்காமல் பட்டையைப் பிடித்தபடியே நின்றேன். பயமாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

"என்னால முடியலம்மா," என்றேன்.

அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"அவ்வளவு பேசுறீங்க. போகாதேன்னு ஒரு வார்த்தை வராதாப்பா?"

"போகாதேம்மா," என்றேன், நாயைப் பிடித்த கையை எடுக்காமலே.