தேர்வறை வாசலில் அழுத குழந்தை

எம்.டெக். நுழைவுத் தேர்வை எழுதுவதா, தள்ளிப்போடுவதா என்று எங்கள் வீட்டில் ஒரே வாக்குவாதம். அப்போது என் மகள் கைக்குழந்தை.

"உடம்பு தேறட்டும். அடுத்த வருஷம் எழுதேன்," என்றார் சனத்நகர் தொழிற்சாலையில் வேலை பார்த்த என் கணவர்.

"அடுத்த வருஷம் பாடத்திட்டமே மாறுதுங்க. பிள்ளையை வெச்சுக்கிட்டு மறுபடி முதல்லேருந்து படிக்க முடியுமா?"

தேர்வன்று அவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தேர்வு நடந்த கல்லூரிக்கு என்னோடு வந்தார்.

பாதித் தேர்வில், வெளியே மகள் வீரிட்டு அழுவது கேட்டது. புட்டிப்பாலை அவள் தொடமாட்டாள். எனக்குக் கணக்கு ஓடவில்லை. விடைத்தாளைக் கொடுத்துவிட எழுந்தபோது அழுகை சட்டென்று நின்றது. தூங்கிவிட்டாள் என்று நினைத்து எழுதி முடித்தேன்.

வெளியே மரத்தடியில் புர்கா அணிந்த ஒரு பெண் என் மகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய குழந்தையைத் தோளில் போட்டபடி என் கணவர் தள்ளி நின்றிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"ரோ நக்கோ," அழாதே என்று அவள் என் கையைப் பிடித்தாள். எனக்குப் பின்னாலேயே தேர்வறையிலிருந்து அவள் கணவர் வந்தார். எனக்கு முன்வரிசையில் எழுதியவர்!

"இவரும் இதே பரீட்சையா?" என்று இந்தியில் கேட்டேன்.

"ஹவ்," ஆமாம் என்று சிரித்தாள்.

இருந்ததோ சில இடங்கள். நான் பாதியில் எழுந்திருந்தால் அவள் கணவருக்கு ஒரு போட்டி குறைந்திருக்கும்.

எனக்கு இடம் கிடைத்தது. அவருக்குக் கிடைத்ததா, தெரியாது. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் அப்படிச் செய்திருப்பேனா? ஆம் என்று சொல்ல இன்றும் எனக்குத் துணிவில்லை.