இன்னும் தீனி போடலையே

மகளுக்கு வெளியூரில் வேலை கிடைத்துப் போன பிறகு வீடு வெறிச்சென்று கிடந்தது. அதனால்தான் தையல்காரம்மா அந்த மீனை வாங்கினாள். பகலெல்லாம் முன்னறையில் மெஷின் முன் உட்கார்ந்து கடைகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் திரைச்சீலை தைப்பவள் அவள். கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். பிள்ளைகள் ‘வேன் மாமா’ என்று கூப்பிடப்போய், தெருவுக்கே அவர் வேன் மாமா ஆகிவிட்டார். இத்தனை வருஷத்தில் தன் வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை என்று யாரிடம் பேசினாலும் ஒரு தடவையாவது சொல்லிவிடுவார்.

மீன் ஆரஞ்சு நிறத்தில் பந்துபோல இருந்தது. இரட்டை வால். நீந்தும்போது குண்டு மனுஷி பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடுவது மாதிரி ஆடி ஆடிப் போகும்.

“சொகுசுப் பிறவி அக்கா இது” என்றார் மீன்கடைக்காரர். “குண்டுக் கிண்ணத்துல போட்டு வெச்சிடாதீங்க, பெரிய தொட்டி வேணும். குழாய்த் தண்ணிய நேரா ஊத்தாதீங்க. ஒரு நாள் பக்கெட்ல பிடிச்சு வெச்சு, மருந்து வாடை போனப்புறம் ஊத்துங்க. தீனிய ஊறவெச்சுத்தான் போடணும். காய்ஞ்சதா போட்டா வயித்துக்குள்ள போய் ஊதிக்கும். எவ்வளவு போட்டாலும் தின்னும், வயிறு நிறைஞ்சது அதுக்குத் தெரியாது. நாமதான் நிறுத்தணும்.”

வேன் மாமா முதலில் சிரித்தார். “எனக்கே இங்க ஆறின சோறுதான். இதுக்கு ஊறவெச்சுப் படையலா?”

ஆனால் இரண்டே நாளில் மீன்மேல் பைத்தியமாகிவிட்டவர் அவர்தான். காலைத் தீனி என் பொறுப்பு, சாயங்காலம் உன் பொறுப்பு என்று பங்கு பிரித்துக்கொண்டார். அவர் தொட்டிப் பக்கம் போனாலே மீன் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு கண்ணாடியோரம் வந்து நிற்கும். “பாத்தியா, என்னைத் தெரியுது அதுக்கு” என்பார்.

கொஞ்ச நாளில் தொட்டித் தண்ணீர் கலங்க ஆரம்பித்தது. அவள் கால்வாசித் தண்ணீரை இறைத்து மாற்றினாள், அடியில் படிந்ததைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்தாள். மறுநாளே மறுபடி பால் கலந்ததுபோல ஆயிற்று. ஈரத்துணி மக்கிய மாதிரி ஒரு நாற்றம் அறை முழுக்க நின்றது. பிறகு ஒரு நாள் மீன் ஒருக்களித்துக் கிடந்தது. அடுத்த நாள் வயிறு மேலாகத் தலைகீழாக மிதந்தது. சாகவில்லை. தலைகீழாகவே வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

போனில் எடுத்த படத்தைப் பார்த்ததுமே மீன்கடைக்காரர் சொல்லிவிட்டார். “யாரோ அளவில்லாம போடுறாங்கக்கா. ரெண்டு நாள் சுத்தமா பட்டினி போடுங்க. அப்புறம் பட்டாணிய வேகவெச்சு, தோல உரிச்சு, துளித்துளியாக் குடுங்க.”

வீட்டில் இருப்பது இரண்டே பேர். அவள் கணவரைக் கேட்டாள்.

“காலையில ஒரே ஒரு தடவை. நம்ம பொண்ணு மேல சத்தியம்” என்றார்.

அவர் பொய் சொல்லத் தெரியாத மனுஷன். அது அவளுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் தீனி டப்பாவை எடுத்துப் பார்த்தாள்.

“சரி, நாளைக்கு எதுவும் போடாதீங்க. பட்டினி.”

“ஆகட்டும்.”

மறுநாள் காலை, தைத்து முடித்த நீளத் திரை ஒன்றைத் தொட்டிக்குப் பக்கத்துக் கொடியில் போட்டு அதன் பின்னால் நின்று நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். வேன் மாமா வந்து டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை போட்டார். போய்ச் சட்டை மாட்டிக்கொண்டு வந்தார். தொட்டிக்குள் பார்த்தார்.

“அடடா, உனக்கு இன்னும் தீனி போடலையே” என்று இன்னொரு சிட்டிகை போட்டார். வாசல் வரை போய்ச் செருப்பைக் காலில் நுழைத்தவர், எதையோ நினைத்துக்கொண்டு திரும்பி வந்தார். அதே குரல். அதே பரிவு. “அடடா, உனக்கு இன்னும் தீனி போடலையே.”

கத்தரிக்கோல் அவள் கையிலேயே நின்றுவிட்டது. சாவிக்கொத்தை எடுக்கும் சத்தம் கேட்டதும்தான் திரைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள்.

“என்னங்க, நானும் வர்றேன். ஸ்கூல் பக்கத்துக் கடையில திரை குடுக்கணும்.”

வேனில் பிள்ளைகள் ஒவ்வொருவராக ஏறினார்கள். அவர் வழக்கம்போலத்தான் ஓட்டினார், நிதானமாக. பெரிய சாலை பிரியும் இடத்தில் வண்டி நின்றது. சிவப்பு விளக்கு எதுவும் இல்லை. பின்னால் ஹாரன் அலறியது. அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தபடியே இருந்தார்.

“லெஃப்ட்டு மாமா!” என்று பின்சீட்டுச் சிறுமி கத்த, எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து “லெஃப்ட்டு! லெஃப்ட்டு!” என்று கூவினார்கள். அவர் சிரித்துவிட்டு இடது பக்கம் திருப்பினார்.

தையல்காரம்மா திரும்பி அந்தச் சிறுமியை மெல்லக் கேட்டாள். “எதுக்கும்மா கத்துனீங்க?”

“மாமா வழி தெரியாத மாதிரி நடிப்பாரு ஆன்ட்டி. நாங்கதான் சொல்லணும். தினமும் விளையாடுவோம்.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “நேத்து ரயில் கேட்லகூட நடிச்சாரு. தண்டவாளத்து மேலயே நிறுத்திட்டாரு. செம சிரிப்பு” என்றாள்.

பள்ளிக்கூடம் வந்து கடைசிப் பிள்ளை இறங்கும்வரை அவள் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிறகு கையை நீட்டிச் சாவியைத் திருகி எடுத்துக்கொண்டாள்.

“என்ன பண்ற நீ?”

“காலையில மீனுக்கு எத்தனை தடவை தீனி போட்டீங்க?”

“போடவே இல்லையே. நீதான பட்டினின்னு சொன்ன?” என்றார், தெளிவாக, கொஞ்சம் எரிச்சலோடு.

அவள் சாவியோடு இறங்கிப் பள்ளி அலுவலகத்துக்குள் போனாள். கட்டின புருஷனைக் காட்டிக்கொடுக்கிற மாதிரிதான் இருந்தது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே அவர் வேனைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். உள்ளே அவள் எதையும் மறைக்காமல் சொன்னாள், ரயில் கேட் உட்பட. அன்று மாலையே வேனுக்கு வேறு டிரைவர் வந்தார்.

மீன் பட்டாணித் துணுக்குகளில் பிழைத்துக்கொண்டது. தீனி டப்பாவை அவள் மெஷின் இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள். கணவரைக் கூட்டிப் போய்க் காட்டியபோது, டாக்டர் மூளையைப் படங்களெல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, மறதி நோய், ஆரம்பம்தான் என்றார். ஆரம்பம் என்ற சொல் அவ்வளவு பயங்கரமானது என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

வேன் மாமா அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார். வைத்த தட்டில் சாப்பிட்டார், முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோபம் ஆறட்டும் என்று அவளும் விட்டுவைத்தாள். ஆறவில்லை. ஒரு நாள் மத்தியானம் தையலை நிறுத்திவிட்டு அவர் எதிரில் போய் உட்கார்ந்தாள்.

“இன்னும் எத்தனை நாளைக்கு இப்படி? என்மேல என்ன கோபம்னு வாயத் திறந்து சொல்லிடுங்களேன்.”

அவர் யோசித்துப் பார்த்தார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பிறகு அவளைப் பார்த்த பார்வையில் பயம் இருந்தது.

“தெரியல” என்றார். “ஆனா நீ எனக்கு ஏதோ பண்ணிட்ட.”