மாறன் அணைக்க விடாத இரண்டாவது சர்வர்

ஒரத்தநாட்டில் மைத்துனர் மகள் கல்யாணம். பந்தியை நான்தான் நடத்திக்கொண்டிருந்தேன். நான் இல்லாவிட்டால் பாதி ஜனம் பட்டினியாகத் திரும்பியிருக்கும். அப்போதுதான் போன் வந்தது. நம் கும்பகோணம் மருத்துவமனையின் கம்ப்யூட்டர் அறையைப் பார்த்துக்கொண்ட மாறன் மாரடைப்பில் போய்விட்டார். சாம்பார் வாளியை அப்படியே வைத்துவிட்டு பஸ் ஏறினேன்.

ஜெனரேட்டர்காரன் என்று என்னை உங்கள் எல்லோருக்கும் தெரியும். படிப்பு எட்டாவதோடு நின்றாலும், ஸ்கேன் படங்களைச் சேமித்து வைக்கும் சர்வர் விஷயத்தில் மாறனே என்னிடம் யோசனை கேட்பார். கேட்டுவிட்டு, சிரித்துவிட்டு, தன் வழியில் செய்வார். "எந்த ஸ்கேன் படமும் ரெண்டு சர்வர்ல இருக்கணும்ணே. அதுதான் இங்க பாலிசி. ஒண்ணுல மட்டும் இருந்தா திரையில மஞ்சள் எச்சரிக்கை வரும்" என்று எனக்குச் சொன்னவர் அவர்.

போன வருஷ ஆயுத பூஜையை மறக்க முடியாது. ஆயுதம் என்றால் ஓய்வு கொடுத்துத்தானே பொட்டு வைக்க வேண்டும்? காலையில் மாறன் வருவதற்குள், மேலாளர் ராத்திரியே முதல் சர்வரை அணைத்து, விடிந்ததும் சந்தனம் குங்குமம் வைத்து, மறுபடி போட்டுவிட்டார். இரண்டாவதில் கை வைக்கும்போது மாறன் உள்ளே வந்தார். திரையில் மஞ்சள்.

"அதான் எல்லாம் ஓடுதே தம்பி. அந்த மஞ்சளை மறைச்சு விடுங்க, ராகு காலம் வரப்போகுது" என்றார் மேலாளர்.

"மஞ்சள்னா மங்களம்தானே" என்று நானும் எடுத்துக் கொடுத்தேன்.

மாறன் சிரிக்கவில்லை. "முதல் சர்வர் அணைஞ்சிருந்தப்ப எடுத்த ஸ்கேன் எல்லாம் ரெண்டாவதுல மட்டும்தான் இருக்குங்க சார். ராத்திரி கீழ்வேளூர்லேருந்து வந்த அம்மாவோட தலை ஸ்கேனும் அதுல. இப்ப டாக்டர் அதைத் திறந்து வச்சுக்கிட்டுதான் ஆபரேஷன் பண்றாரு."

"நல்ல நேரம் போயிடும்யா!"

"போகட்டும் சார். இன்னொண்ணு வரும்."

சுவிட்சை உள்ளங்கையால் மூடிக்கொண்டு நின்றார். மறுகையால் கீபோர்டைத் தட்டி, கோளாறு எங்கே என்று தேடிப் பார்த்தார். முதல் சர்வர் எழுந்திருந்தது. படங்களை வைக்கும் அதன் டிஸ்க் ஒன்று மட்டும் அதோடு சேரவில்லை. அதைச் சேர்த்த பிறகுதான் படங்கள் அங்கேயும் போக ஆரம்பித்தன. ராகு காலம் வந்தது, போனது. கிண்ணத்தில் சந்தனம் காய்ந்தது. மஞ்சள் பச்சையான பிறகே கையை எடுத்தார். மேலாளர் ஒரு மாதம் அவரோடு பேசவில்லை.

அந்த அம்மா பிழைத்து வீடு போனபோது, இந்தக் கதையைக் கொஞ்சம் கூட்டி நான்தான் அவரிடம் சொல்லி அனுப்பினேன்.

போன வாரம் பரிசோதனைக்கு வந்த அந்த அம்மா, சொந்த வயல் அரிசி ஒரு பை கொண்டுவந்திருந்தார். "என் படத்தைக் காப்பாத்துன தம்பிய ஒரு தடவ பாக்கணுங்க."

எதற்கும் பத்து வார்த்தை வைத்திருப்பவன் நான். "லீவுல இருக்காரும்மா" என்று மட்டும் வந்தது.

"அப்ப வந்ததும் குடுத்துடுங்க."

பை ஜெனரேட்டர் அறையில் இருக்கிறது. மாறன் வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்க இன்னும் மனம் வரவில்லை. மாறனுடையது என்று என்னிடம் இருப்பது அதுதான்.