ஒரு நேரம் பச்சை, ஒரு நேரம் சிவப்பு

பெனிஷாவுக்கு எதையும் ஒரு தடவை பார்த்தால் போதாது. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போனவள் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். அவள் கணவன் வெஸ்லினுக்குக் குருபரப்பள்ளியில் நெடுஞ்சாலையோரமாக லாரி டயர் கடை. "நீ இழுக்கற இழுப்புக்கே அந்தப் பூட்டு ஒரு நாள் கையோட வந்துரும் பாரு" என்பான். அவள் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

அந்தக் குணம்தான் அவளுக்கு வேலை தேடிக் கொடுத்தது. முதலில் ஓசூர் சிப்காட்டில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. பிறகு பாகலூர் ரோட்டில் ஒரு பேக்கரியின் மாடியில் இருந்த சின்ன மென்பொருள் கம்பெனியில் டெஸ்டராகச் சேர்ந்தாள். கீழே ரொட்டி வேகும் வாசனை. மேலே பத்துப் பதினைந்து பேர், எப்போதும் மூடாத ஒரு ஜன்னல்.

அவர்கள் செய்து கொடுத்தது ஷிப்ட் வேனுக்கான வெப் அப்ளிகேஷன். சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்து தொழிற்சாலைக்கு வரும் பெண்கள் முந்தைய நாளே போனில் அதைத் திறந்து, எந்த ஸ்டாப், எந்த ஷிப்ட் என்று தேர்ந்தெடுத்து, 'பதிவு செய்' என்பதை அழுத்த வேண்டும். அழுத்தினால் டிரைவரின் பட்டியலில் பெயர் ஏறும். பெயர் இருக்கிற ஸ்டாப்புக்கு மட்டும் வேன் உள்ளே போகும். இல்லையென்றால் மெயின் ரோட்டிலேயே நேராகப் போய்விடும்.

புரோகிராமில் யார் என்ன மாற்றினாலும் பெனிஷா முதலிலிருந்து எல்லாவற்றையும் கையால் அழுத்திப் பார்ப்பாள். கொஞ்ச நேரம் தொழிலாளியாக இருப்பாள், கொஞ்ச நேரம் டிரைவராக இருப்பாள், பிறகு போக்குவரத்து அதிகாரியாகி ரிப்போர்ட் எடுப்பாள். முடிப்பதற்குள் இரண்டு மூன்று நாள் ஓடிவிடும்.

ஒரு திங்கட்கிழமை முதலாளி ராஜசேகர் அவளைக் கூப்பிட்டார்.

"பெனிஷா, பெங்களூரு கஸ்டமர் வாராவாரம் ரிலீஸ் கேக்கறாங்க. கையால பார்த்தா நடக்காது. ஆட்டோமேஷனுக்குப் போயிடலாம், கம்ப்யூட்டரே அமுத்திப் பார்த்துக்கும். நீங்களே கத்துக்கிட்டு ஆரம்பிங்க."

"அப்போ நான் சார்?" என்று கேட்டுவிட்டு, ஏன் கேட்டோம் என்று ஆனது அவளுக்கு.

"நீங்கதானேம்மா எழுதப் போறீங்க" என்றார். அவர் சிரித்தது அவளுக்குப் பிடிக்கவில்லை.

அந்த மாதம் முழுக்க அவள் நிலைகொள்ளவில்லை. பஸ்ஸில் பாடம் பார்த்தாள். குக்கர் விசில் எண்ண மறந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் கண்ணை மூடினால் முந்தைய நாள் ஓடாத வரி வந்து நின்றது. ஒரு நாள் அவள் எழுதியது ஓடியது. யாரும் தொடாமலே பிரவுசர் திறந்தது, பெயர் டைப் ஆனது, பட்டன் அழுந்தியது, பக்கம் மாறியது. கண்ணுக்குத் தெரியாத யாரோ தன் நாற்காலியில் உட்கார்ந்து தன் வேலையைத் தன்னைவிட வேகமாகச் செய்வதுபோல இருந்தது. கடைசியில் பச்சை நிறத்தில் ஒரு கோடு: பாஸ். அவள் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி ஓட்டினாள்.

தொல்லை அதற்குப் பிறகுதான். டெஸ்ட்டுகள் கூடக்கூட, சில காரணமில்லாமல் சிவப்பாயின. காலையில் பச்சையாக இருந்தது மத்தியானம் சிவப்பு. யாரும் ஒரு எழுத்தைக்கூட மாற்றியிருக்க மாட்டார்கள். புரோகிராம் எழுதும் ஃபைஸானின் லேப்டாப்பில் எல்லாமே பச்சை. சர்வரில் ஓட்டினால் சிவப்பு.

"விடுங்கக்கா, மறுபடி ரன் பண்ணுங்க. வந்துரும்" என்பான் ஃபைஸான். மறுபடி ஓட்டினால் பச்சை வரும். அதுதான் அவளை இன்னும் அரித்தது.

ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்த்தாள். இரண்டு டெஸ்ட்டுகள் சோதனைக்காகப் போட்டுவைத்த ஒரே போலித் தொழிலாளியின் பெயரைப் பயன்படுத்தின. ஒன்று பதிவு செய்துகொண்டிருக்கும்போது இன்னொன்று அதையே ரத்து செய்தது. பெயரைத் தனித்தனியாகப் பிரித்தாள், சரியானது. இன்னொரு சிக்கல் சர்வரின் கடிகாரம். நம் நேரத்துக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்ததால், விடியற்காலை ஷிப்ட் அதற்கு நேற்றைய ஷிப்ட்டாகத் தெரிந்தது. அதையும் திருத்தினாள். இப்படி ஒவ்வொன்றிலும் தப்பு டெஸ்ட்டிலேயே இருந்தது. ஆபீஸில் எல்லோரும் சிவப்பைப் பார்த்தால் டெஸ்ட்டையே குறை சொல்லப் பழகிவிட்டார்கள். அவளும் பாதி பழகிவிட்டாள்.

ஒன்று மட்டும் மசியவில்லை. மிகச் சாதாரண டெஸ்ட் அது. தொழிலாளியாகப் போய் இடம் பதிவு செய், பச்சை டிக் வந்ததும் டிரைவர் பட்டியலைத் திற, பெயர் இருக்கிறதா பார். நாலு தடவை ஓட்டினால் ஒரு தடவை பெயர் இருக்காது.

வெள்ளிக்கிழமை ரிலீஸ். ராஜசேகர் அவள் மேஜைக்குப் பின்னால் நடந்துகொண்டே இருந்தார். பெனிஷா அந்த டெஸ்ட்டில் ஒரு வரி சேர்த்தாள்: டிக் வந்தபின் ஐந்து விநாடி பொறு, பிறகு பட்டியலைத் திற. பச்சை வந்தது. எத்தனை முறை ஓட்டினாலும் பச்சை.

"சூப்பர்" என்று ராஜசேகர் போய்விட்டார். அவள் வீட்டுக்குப் போகும் பஸ்ஸில், சூளகிரி வரும்வரை காலை ஆட்டிக்கொண்டே இருந்தாள். பக்கத்து சீட்டுப் பெண் ஒரு தடவை முறைத்துப் பார்த்தாள்.

அடுத்த மாதம் அந்த பெங்களூரு கஸ்டமரின் சிப்காட் தொழிற்சாலையிலிருந்து போக்குவரத்துப் பொறுப்பாளர் வெங்கடப்பன் போன் செய்தார். வீட்டில் தெலுங்கு, டிரைவர்களிடம் கன்னடம், மற்றவர்களிடம் எல்லாம் கலந்த தமிழ் அவருக்கு.

"மேடம், அனிதான்னு ஒரு பொண்ணு. ராயக்கோட்டை ரோட்டுல சானமாவு தாண்டி உள்ள அது ஸ்டாப். பதிவு பண்ணேன், வேன் வரலேன்னு சொல்லுது. பட்டியல்ல பேரே இல்ல. டிரைவர் நேரா வந்துட்டான். அது அமுத்தியே இருக்காது. நீங்க ஆப்ல தப்பு இல்லேன்னு ஒரு மெயில் போட்டுட்டா ஆய்த்து, நான் முடிச்சுக்கறேன்."

சர்வரில் தேடினாள். அந்த நாளில் அனிதா பெயரில் எதுவுமே இல்லை. அழுத்திய சுவடுகூட இல்லை.

"பதிவே இல்லைன்னா அப்புறம் என்ன? மெயில் அனுப்பிடுங்க" என்றார் ராஜசேகர்.

மெயிலை எழுதினாள். அனுப்பும் பட்டன்மேல் விரலை வைத்துவிட்டு எடுத்தாள். மறுநாள் லீவு சொல்லிவிட்டு, முதல் ஷிப்ட் விடும் மத்தியான நேரத்துக்கு அந்தத் தொழிற்சாலை கேட்டுக்குப் போய் நின்றாள். வெங்கடப்பனே அனிதாவைக் காட்டிவிட்டுப் போனார்.

இருபத்திரண்டு இருபத்து மூன்று வயதிருக்கும். யூனிபார்ம் கோட்டைக் கழற்றிக் கையில் சுருட்டி வைத்திருந்தாள். ஆப் கம்பெனி என்றதும் முகம் இறுகியது.

"நான் பொய் சொல்றேன்னு எழுதி வாங்கத்தானே வந்திருக்கீங்க?"

"இல்லம்மா. என்ன நடந்துச்சுன்னு கேக்க வந்தேன்."

"பச்சை டிக் வந்துச்சுங்க. என் கண்ணால பார்த்தேன். அதை நம்பித்தான் இருட்டுலயே போய் நின்னேன். அன்னைக்குன்னு யானை இந்தப் பக்கம் இறங்கியிருக்குன்னு ஊர் குரூப்புல போட்டிருந்தாங்க. வேன் வந்துருமே, ஏறிக்கலாம்னு நின்னேன். வரல. ராகி வயல்ல என்னமோ மடமடன்னு ஒடியற சத்தம். செருப்பை விட்டுட்டு ஓடியாந்தேன்." அவள் குரல் அப்போதும் வேகமாகத்தான் இருந்தது. "யானையோ மாடோ தெரியலீங்க. எனக்கு அது யானைதான். இங்க வந்து சொன்னா, தூங்கிட்டு கதை விடறேன்னு சூப்பர்வைசர் சொல்றாரு. பொய் சொல்லி லீவு போட்டதா எழுதி வச்சிருக்காங்க."

"எப்படிப் பதிவு பண்ணுவீங்கன்னு ஒரு தடவை செஞ்சு காட்டுங்க."

அனிதா போனை எடுத்தாள். ஸ்டாப், ஷிப்ட், பதிவு செய். பச்சை டிக் வந்தது. வந்த அதே கணத்தில் கட்டைவிரலால் பக்கத்தை மேலே தள்ளி மூடினாள்.

"ஏன் உடனே மூடிட்டீங்க?"

"வூட்டுக்குள்ள டவர் கிடைக்காதுங்க. மாட்டுக் கொட்டாய்க்குப் பின்னால போனாத்தான் ஒரு கோடு வரும். டிக் வந்தாச்சு, அப்புறம் கொசுக்கடியில எதுக்கு நிக்கறது? மூடிட்டு ஓடியாந்துருவேன்."

பெனிஷாவுக்கு அப்போதுதான் புரிந்தது. தன் டெஸ்ட்டும் இதையேதான் செய்தது. டிக் வந்ததும் காத்திராமல் அடுத்த பக்கத்துக்குத் தாவியது. அப்படித் தாவும்போது, டிக் வந்த பிறகும் பின்னால் சர்வருக்குப் போய்க்கொண்டிருந்த தகவல் பாதியிலேயே அறுந்துபோனது. ஃபைஸானின் லேப்டாப்பில் தகவல் கணத்தில் போய்விடும், அதனால் அங்கே பச்சை. மெதுவான சர்வரில் சில நேரம் சிவப்பு. அந்தச் சிவப்பு உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது. ஐந்து விநாடி போட்டு அதன் வாயை அடைத்தது அவள்தான்.

டவுன் பஸ்ஸில் உட்கார முடியவில்லை. இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடந்தாள். லீவு நாளில் ஆபீஸுக்கு வந்தவளை எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அந்த ஐந்து விநாடி வரியை அழித்தாள். ஓட்டினாள். பச்சை. மறுபடி. பச்சை. நெட்டின் வேகத்தை, ஒரு கோடு டவர் இருக்கிற இடத்தின் அளவுக்குக் குறைத்து வைத்து ஓட்டினாள். சிவப்பு. மறுபடியும் சிவப்பு. ஓட்டிய ஒவ்வொரு தடவையும் சிவப்பு.

"ஃபைஸான், இங்க வா."

அவன் வந்து பார்த்தான். முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "அக்கா, அது நான் வேணும்னே பண்ணதுதான். அமுத்தினா சுத்திக்கிட்டே இருக்கு, ஸ்லோவா இருக்குன்னு கம்ப்ளைண்ட் வந்துச்சு. அதான் டிக்கை முதல்ல காட்டிட்டு, பின்னால சேவ் பண்ண விட்டேன். எல்லா ஆப்லயும் இப்படித்தான்."

"போட்டோவுக்கு லைக் போடறதுக்கு அது போதும். இவளுக்கு வேன் வரணும்."

"எவளுக்கு?"

சொன்னாள். ராகி வயல், செருப்பு, எல்லாம். ஃபைஸான் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.

ராஜசேகர் பின்னால் வந்து நின்றார். "பெனிஷா, சாயங்காலம் ரிலீஸ் போயாகணும். இந்த ஒரு டெஸ்ட்டை மட்டும் இப்போதைக்கு ஆஃப் பண்ணி வைங்க. அடுத்த வாரம் பார்க்கலாம்."

"முடியாது சார்."

அவர் திரும்பிப் பார்த்தார். அவளும் தான் சொன்னதைத் தானே கேட்டதுபோல ஒரு கணம் நின்றாள். பிறகு நிறுத்த முடியவில்லை. "டவர் சரியில்லாத ஒவ்வொரு ஊர்லயும் இது நடந்திருக்கும். சொல்லாம விட்டவங்க எத்தனை பேரோ. வெங்கடப்பன் சாருக்கு நான் மெயில் போடறேன். ஆனா தப்பு நம்மளுதுன்னுதான் போடுவேன்."

"எழுத்துல குடுத்தா கஸ்டமர் நம்மளைத் தூக்கிருவான். தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

ராஜசேகர் அந்த மூடாத ஜன்னல் பக்கம் போய் நின்றார். கீழே பேக்கரிக்காரர் யாரிடமோ கன்னடத்தில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். "மெயில் வேண்டாம். கஸ்டமருக்கு நானே போன் பண்ணிச் சொல்றேன். ரிலீஸையும் தள்ளிக்கலாம்" என்றார். அவள் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். அதற்கப்புறம் கொஞ்ச நாள் அவளிடம் தேவைக்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

கஸ்டமர் கத்தினார், தூக்கவில்லை. ஃபைஸான் மாற்றி எழுதினான். சர்வரிலிருந்து பதில் வந்த பிறகுதான் இனி டிக் வரும். அதுவரை 'பதிவாகிறது, மூடாதீர்கள்' என்று இருக்கும். தகவல் போய்ச் சேராவிட்டால் சிவப்பில், 'பதிவாகவில்லை, மறுபடி அழுத்தவும்' என்று வரும். பெனிஷா எல்லா டெஸ்ட்டையும் மெதுவான நெட்டிலும் ஒரு முறை ஓட்டும்படி வைத்தாள். சிவப்பு வந்தால் காரணம் தெரியாமல் யாரும் மறுபடி ஓட்டக்கூடாது என்று எல்லோரிடமும் சொன்னாள். ஃபைஸான் முணுமுணுத்தான். சில நாள் அந்தக் காரணத்தைத் தேடியே பொழுது சாய்ந்தது. கேட்டால், டெஸ்ட்டில் ஒரு கமா தப்பாக இருந்திருக்கும்.

அனிதா பொய் சொன்னதாக எழுதியிருந்ததை வெங்கடப்பன் அடித்துவிட்டார். அன்று போன ஷிப்ட்டும் அதன் சம்பளமும் போனதுதான்.

மாற்றியது ரிலீஸ் ஆன அடுத்த நாள் காலை, முதல் ஷிப்ட்டுக்கு வேன்கள் வரும் நேரத்தில் பெனிஷா தொழிற்சாலை கேட்டில் நின்றாள். யாரும் வரச் சொல்லவில்லை. பனி இன்னும் விலகாத ரோட்டில் வேன்கள் ஒவ்வொன்றாக ஹெட்லைட்டோடு வந்தன. ராயக்கோட்டை ரோட்டு வேன் கொஞ்சம் தாமதம். அவள் எட்டி எட்டிப் பார்த்தாள். வந்தது. அனிதா இறங்கினாள். காலில் புதுச் செருப்பு.

"இப்ப சரியா வருதா?"

"வருதுங்கக்கா. கொசுக்கடிதான் கொஞ்சம் ஜாஸ்தி. மூடாதேன்னு சொல்லுதே." சிரித்தாள். "ஆனாலும் டிரைவர் அண்ணனுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுட்டுத்தான் வூட்டை விட்டுக் கிளம்பறேன்."

அனிதா உள்ளே போனாள்.

வேனிலிருந்து கடைசியாக ஒரு அம்மா இறங்கினார். ஐம்பது வயதிருக்கும், கேன்டீனில் வேலை. போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் வந்த பெண்ணிடம் நீட்டினார்: "நாளைக்கு வேனுக்கு இதை அமுத்திக் குடு கண்ணு. பட்டனே காணோம் எனக்கு."

பெனிஷா எட்டிப் பார்த்தாள். கண் தெரிவதற்காக எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தார். எழுத்து பெரிதானதில் 'பதிவு செய்' பட்டன் திரைக்குக் கீழே எங்கோ போயிருந்தது.

"அம்மா, ஒரு நிமிஷம்" என்று கை நீட்டினாள். "அந்த போனைக் கொஞ்சம் குடுங்க."